1980களின் தலையில்லா பேஸ்: ஜி ரியூனர் அசையேல்லை, ஈ கம்பி அதிருது

கீழ்_ஸ்தாயி (ரொறன்ரோ)

வணக்கம் எல்லாருக்கும். போன மாதம் ஸ்காபரோவில ஒரு வீட்டு பேஸ்மென்ரில கிடந்த தலையில்லா பேஸ் கிற்றார் ஒண்டை 350 டொலருக்கு வாங்கினனான். கழுத்து நுனியில தலை இல்லை, சுருதி சேர்க்கிற குமிழ் (ரியூனர்) எல்லாம் உடம்பில, கம்பி முடியிற பிரிட்ஜில இருக்கு. சின்னப் பெட்டி மாதிரி உடம்பு, கறுப்பு, 24 ஃபிரெட் (கழுத்தில குறுக்கால பதிச்ச உலோகக் கட்டை), நாலு கம்பி. ஸ்டைன்பெர்கர் லைசென்ஸ், அதாவது ஸ்டைன்பெர்கர் கம்பனியின்ர அனுமதியோட செய்தது எண்டு ஆங்கிலத்தில பொறிச்சுக் கிடக்கு. கொரியாவில செய்தது, கழுத்தும் உடம்பும் மரம். 1988இல புதுசா வாங்கினது, பன்னிரண்டு வருசமாத் தொடேல்லை எண்டு வித்தவர் சொன்னார். வீட்டுச் சூடாக்கிற ஃபேர்னஸுக்குப் பக்கத்தில சுவரோட சாத்தி வைச்சிருந்தவை.

பிரச்சினை இதுதான். ஜி கம்பியின்ர ரியூனர் குமிழ் விரலால திருப்பவே ஏலாது. ஆரோ முந்தி பிளையர் போட்டுத் திருகியிருக்கினம், குமிழின்ர சொரசொரப்பு முழுக்கக் கடிபட்டுக் கிடக்கு. ஈ கம்பியை விரல் வைக்காமல் அடிச்சால் "டர்ர்" எண்டு அதிருது. ஏ கம்பியும் கொஞ்சம். 12ஆம் ஃபிரெட்டில எல்லாக் கம்பியும் சுருதி ஏறி நிக்குது. வொலியூமைத் திருப்பினால் கரகரப்பு.

இஞ்ச ஒரு கடையில காட்டினனான். பிரிட்ஜை முழுசா மாத்தவேணும், பேஸ் வாங்கின விலையை விடக் கூட வரும் எண்டு சொல்லிப்போட்டினம். மனம் விட்டுப்போச்சு. ஆனால் இதைத் தோளில போட்டால் இருக்கிற சுகம் வேற எந்த பேஸிலயும் எனக்குக் கிடைக்கேல்லை. இதைக் காப்பாத்த ஏலுமோ?

கார்பன்_கழுத்து (லண்டன்)

வாழ்த்துகள், நல்ல பொருள் கிடைத்திருக்கிறது. என்னிடம் அமெரிக்காவில் நியூபர்க்கில் செய்த அசல் ஸ்டைன்பெர்கர் பேஸ், எக்ஸ்எல்2 இருக்கிறது, பதினைந்து வருடமாக அதைத்தான் வாசிக்கிறேன். கழுத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அதில் திருப்பிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அதிர்வு வந்தால் காரணம் ஜீரோ ஃபிரெட்தான், அதாவது கழுத்தின் நுனியில் கம்பி உட்காரும் கட்டை. நேராக அதை மாற்றிவிடுங்கள்.

பழைய_தந்தி (சென்னை)

கார்பன் சார், உங்களது வேற, தம்பியோடது வேற. நீங்க சொல்றது கார்பன் நாரும் கண்ணாடி நாரும் எபாக்ஸியில தோய்ச்சு அச்சுல வார்த்த கழுத்து. அதுக்குள்ள ட்ரஸ் ராட் (கழுத்தோட வளைவைச் சரிபண்ற இரும்புத் தண்டு) கிடையாது, அச்சுல என்ன வளைவு வந்ததோ அதுதான் ஆயுசுக்கும். தம்பி கையில இருக்கறது மரம். மரக் கழுத்துக்குள்ள ராட் இருக்கு, அந்த மரம் பன்னிரண்டு வருஷம் ஃபர்னஸ் பக்கத்துல நின்னிருக்கு. ஃபிரெட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி கழுத்து எப்படி நிக்குதுன்னு பாக்கணும்.

தம்பி, உங்க பேஸ் பிழைச்சுக்கும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எதையும் வாங்காதீங்க. தலையில்லா பேஸ்ல சாதாரண கிட்டார்ல தலையில நடக்கற வேலையும் பிரிட்ஜ்ல நடக்கற வேலையும் ஒரே இரும்புத் துண்டுல நடக்குது. அதனால பிரிட்ஜ் அழுக்காச்சுன்னா ட்யூனிங், உயரம், சுருதி எல்லாமே கெட்ட மாதிரி தெரியும். முக்கால்வாசி வெறும் அழுக்கும் காஞ்ச கிரீஸும்தான். நான் வேலை பார்த்த இந்த மாதிரி பேஸ் பதினோரு உருப்படி, பிரிட்ஜ் மாத்தினது ஒண்ணே ஒண்ணு. அதுவும் வார்ப்பு விரிசல் விட்டிருந்ததால.

இன்னிக்கு ராத்திரி ஒரு சோதனை மட்டும் பண்ணுங்க. ஜி கம்பியைத் தளர்த்திக் கழட்டிடுங்க. கம்பி இல்லாம குமிழைத் திருப்பிப் பாருங்க. சுலபமா ஓடினா மரையில குத்தம் இல்ல, குமிழோட முகம் பிரிட்ஜ்ல உராயற இடத்துல வாஷர் போயிருக்கு. கம்பி இல்லாமலே இறுக்கமா இருந்தா மரைக்குள்ள அழுக்கு, இல்லன்னா மரையே அடிபட்டிருக்கு. தளர்த்தறதுக்குக் குமிழைச் சுத்தி ரப்பர் துண்டு, பழைய சைக்கிள் ட்யூப் துண்டு சுத்திப் பிடிங்க. பிளையர் கிட்டயே போகாதீங்க.

ஒன்பது_வோல்ட் (சிங்கப்பூர்)

கரகரப்புக்கு: பின்பக்க மூடியைத் திறந்து படம் போடுங்கள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

கீழ்_ஸ்தாயி

பழைய_தந்தி அண்ணை, சரியான நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே செய்தனான். கம்பி கழட்டினாப் பிறகும் குமிழ் கடுமையாத்தான் இருந்தது, ஆனால் திரும்பினது. முழுக்கக் கழட்டினால் கம்பி நுனியில இருக்கிற உலோகக் குண்டைப் பிடிக்கிற தாடையும் அதோட ஒட்டின மரைத்தண்டும் முன்பக்கமா வெளியில வந்திட்டுது.

உள்ளுக்கு இருந்ததைச் சொல்லவேணும். கிரீஸ் எண்டு ஒண்டு இல்லை, கறுத்த மெழுகு மாதிரி இறுகிப்போய் மரையின்ர பள்ளம் முழுக்க அடைச்சிருந்தது. பல் குத்துற குச்சியால சுரண்டி வெள்ளைக் கடதாசியில வைச்சு டோர்ச் அடிச்சுப் பார்த்தனான், அதுக்குள்ள பொடிப்பொடியா உலோகத் தூள் மின்னுது. குமிழுக்குக் கீழ இருந்த வாஷர் ரெண்டாப் பிளந்து, ஒரு துண்டு குமிழோட, மற்றத் துண்டு பிரிட்ஜோட ஒட்டிக் கிடந்தது. மரையில முதல் மூண்டு சுத்து மட்டும் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கு.

மற்றது, பற்றரி இருந்தது. அதைச் சுத்தி பச்சையும் வெள்ளையுமாப் பூத்துக் கிடக்கு. படம் போட்டிருக்கிறன்.

பழைய_தந்தி

மின்னற தூள் மரையோட சதை, தம்பி. வாஷர் பிளந்தப்பறம் இரும்பு இரும்போட உரசியிருக்கு, அதுக்கு மேல பிளையர் போட்டு இழுத்திருக்காங்க. மூணு சுத்து நசுங்கினது பெரிய விஷயம் இல்ல. டை போட்டு மரை வெட்டலாம்னு யாராவது சொன்னா இப்போ வேண்டாம்னு சொல்லிடுங்க. மரையோட அளவு தெரியாம டை ஓட்டினா மிச்சம் இருக்கற நல்ல மரையும் போயிடும்.

நாலு தாடையையும் கழட்டுங்க. எது எந்தக் கம்பிக்குன்னு தனித்தனி டப்பாவுல போட்டு எழுதி வைங்க, ஏன்னா நாப்பது வருஷமா ஒவ்வொண்ணும் தன் குழியோட தேய்ஞ்சு பழகியிருக்கு. ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல அரை மணி நேரம் ஊறவிடுங்க. பித்தளை பிரஷ்ஷால மரையோட போக்குலயே தேயுங்க, குறுக்கால தேய்க்காதீங்க. நசுங்கின இடத்துல மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அதே குமிழைக் கையால முன்னாடி அரைச் சுத்து, பின்னாடி கால் சுத்துன்னு ஓட்டுங்க. துடைங்க, திரும்ப ஓட்டுங்க. ஒரு மணி நேரம் பிடிக்கும். சதை தானா வழிக்கு வரும்.

அப்புறம் புது வாஷர், நாலுக்குமே. கிரீஸ் கடுகளவு போதும். நிறைய வெச்சா தூசியைச் சேர்த்துக்கும், பத்து வருஷத்துல இதே கதை.

ஒன்பது_வோல்ட்

படத்தைப் பார்த்தேன். அது ஆல்கலைன் பேட்டரி ஒழுகியது. வெளியே வந்திருப்பது காரம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு வைத்தால் நுரைக்கும், நுரை நின்றதும் தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, கடைசியில் ஆல்கஹாலால் உலர்த்துங்கள். பேட்டரி கிளிப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம், வெட்டிவிட்டுப் புதியது வையுங்கள். கிளிப்பின் கறுப்பு ஒயரை ஒரு சென்டிமீட்டர் உரித்துப் பாருங்கள், உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். காரம் ஒயருக்குள் ஊர்ந்து போகும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, பிடித்த மாதிரி தெரிந்தாலும் ஒரு மாதத்தில் விட்டுவிடும்.

இன்னொன்று. இந்த வகை பேஸில் கேபிள் செருகும் ஜாக்தான் பேட்டரிக்கு ஸ்விட்ச். ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் பேட்டரியின் கறுப்பு ஒயர் இருக்கும், கேபிளைச் செருகியதும் அது கிரவுண்டோடு சேர்ந்து மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் இரவெல்லாம் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வருடக்கணக்கில் வைக்கப்போவதென்றால் பேட்டரியையே எடுத்துவிடுங்கள்.

கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர். வொலியூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் உலோகக் கூட்டில் கால்கள் வரும் பக்கம் ஒரு சிறு இடைவெளி இருக்கும், அதற்குள் ஒரே ஒரு பீச்சு. பிறகு முப்பது தடவை முழுசாகத் திருப்புங்கள்.

குமிழ்_கோவை (கோயம்புத்தூர்)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். எனக்கும் இதே மாதிரி ஒன்று வரப்போகிறது. இரண்டு பக்கமும் குண்டு வைத்த கம்பிதான் வேண்டும் என்கிறார்களே, இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் இல்லை. சாதாரணக் கம்பியைப் போட முடியாதா?

கார்பன்_கழுத்து

போடலாம், ஆனால் தலைப்பக்கம் கம்பியைத் திருகால் அழுத்திப் பிடிக்கும் அடாப்டர் வேண்டும். கம்பியை வெட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ் கம்பி நடுவில் ஒரு மையக் கம்பி, அதன் மேல் சுற்றுக் கம்பி. அப்படியே வெட்டினால் சுற்று நழுவித் தளர்ந்து கம்பியே செத்த ஒலி கொடுக்கும். முதலில் சுருதி ஏற்றுங்கள், திருகை இறுக்குங்கள், அதற்குப் பிறகு திருகுக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் விட்டு, தொண்ணூறு பாகையில் மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள்.

ஆனால் கிடைத்தால் இரட்டைக் குண்டுதான் சுகம். டடாரியோ, லா பெல்லா இருவரும் செய்கிறார்கள். கம்பியை மாட்டி முப்பது விநாடியில் சுருதி சேர்த்துவிடலாம். பேஸின் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம், அதற்கேற்ற கம்பியா என்று பார்த்து வாங்குங்கள். குண்டுக்கும் குண்டுக்கும் இடையே நீளம் கூடிவிட்டால் தாடை பின்பக்க முட்டுக்கு வந்த பிறகும் கம்பி சுருதிக்கு ஏறாது.

பழைய_தந்தி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் பேஸை வைத்து இன்னொருவர் பேஸுக்கு மருந்து எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்காக ஒரு வரலாறும் சொல்ல ஆசை. நெட் ஸ்டைன்பெர்கர் கிட்டார் செய்யும் பரம்பரையில் வந்தவர் அல்ல, மரச்சாமான் வடிவமைப்பாளர். புரூக்ளினில் மரவேலைக் கூட்டுறவுப் பட்டறையில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டரோடு ஒரே கூரையில் வேலை பார்த்தவர். ஸ்பெக்டருக்காக அவர் வரைந்த வளைந்த உடம்புள்ள என்எஸ் பேஸ் 1977இல் வந்தது. அதில் அவரை உறுத்தியது பேஸின் தலைப்பாரம்: நாலு பெரிய ட்யூனரும் கழுத்தின் கோடியில் தொங்கி, கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்க்கும். ட்யூனரைப் பின்னால் கொண்டுவந்தால் என்ன என்ற கேள்வியில்தான் எல்2 என்ற தலையில்லா பேஸ் பிறந்தது. 1981இல் அமெரிக்கத் தொழில் வடிவமைப்பாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது. அவருடைய அப்பா ஜாக் ஸ்டைன்பெர்கர் 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். கீழ்_ஸ்தாயி, உங்கள் ஊர்க்காரர், ரஷ் இசைக்குழுவின் பேஸ் வாசிப்பாளர் கெடி லீ எண்பதுகளின் நடுவில் மேடையில் தோளில் போட்டிருந்ததும் ஸ்டைன்பெர்கர்தான்.

கீழ்_ஸ்தாயி

கெடி லீ வாசிக்கிற பழைய விடியோவைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது!

நாலு தாடையும் சுத்தமாச்சு. ஜி குமிழை முழு ஞாயிற்றுக்கிழமையும் முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டினனான். பின்னேரம் போல ஒரு கட்டத்தில அந்தக் கொறகொறப்பு நிண்டு, பட்டு மாதிரி ஓடத் தொடங்கிச்சு. என்ர மகள் பக்கத்தில இருந்து எண்ணிக்கொண்டிருந்தவள், நானூறு தாண்டினது எண்டாள். புது வாஷர் போட்டாச்சு. இப்ப ரெண்டு விரலால ஜி சுருதிக்கு ஏறுது. அந்தக் கடையில சொன்ன விலையை நினைக்கிறன், வாஷர் நாலும் சேர்த்து மூண்டு டொலருக்குள்ள.

பற்றரிக் கிளிப் மாத்தினது, கறுப்பு வயரை ஐஞ்சு சென்ரிமீற்றர் வெட்டவேண்டி வந்தது. கரகரப்பு இல்லை. ஆனால் ஈயும் ஏயும் இன்னும் அதிருது.

பழைய_தந்தி

இப்பதான் கழுத்து. புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, வாசிக்கற நிலையில மடியில வெச்சு அளக்கணும். கம்பி இல்லாம அளந்தா பிரயோஜனம் இல்ல, நாலு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 80 கிலோ இழுக்குது. அந்த இழுப்புல கழுத்து எப்படி நிக்குதுங்கறதுதான் கணக்கு.

முதல் ஃபிரெட்டுல கேப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கற கிளிப்) மாட்டுங்க. வலது கையால கழுத்து உடம்போட சேர்ற இடத்து ஃபிரெட்டை அழுத்துங்க. இப்போ கம்பியே நேர் பாக்கற அளவுகோல். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்குன்னு ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கற மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்க. பைக் மெக்கானிக் டாப்பெட் வெக்க வெச்சிருப்பாரே, அதேதான். 0.3 மி.மீ. தகடு லேசா உரசிப் போனா நல்லது. சந்தே இல்லாம கம்பி ஃபிரெட்டுல உக்காந்திருந்தா கழுத்து பின்னால வளைஞ்சிருக்கு.

கீழ்_ஸ்தாயி

சந்தே இல்லை அண்ணை. 0.05 தகடும் போகுதில்லை.

பழைய_தந்தி

நினைச்சேன். குளிர்காலம் முழுக்க ஃபர்னஸ் காத்து மரத்தோட ஈரத்தை உறிஞ்சியிருக்கு. மரம் சுருங்கும், உள்ள இருக்கற ராட் சுருங்காது, கழுத்து பின்பக்கம் சாயும். கழுத்தோட ஓரத்தை உள்ளங்கையால தடவிப் பாருங்க, ஃபிரெட் முனை குத்தினா அதுவும் அதே காரணம்தான்.

ராட் நட்டுல சேர்ந்திருக்கற தூசியை ஊசியால முழுக்க எடுங்க. ஆலன் கீ அடி வரைக்கும் இறங்கி ஆடாம நிக்கணும். மில்லிமீட்டர் அளவா அங்குல அளவான்னு ரெண்டையும் போட்டுப் பாருங்க, கொஞ்சம் லூசா இருக்கற கீயைப் போட்டுத் திருகினா அறுகோணம் வட்டமாயிடும், அதுக்கப்புறம் அழுதாலும் வராது. இடஞ்சுழியா எட்டுல ஒரு பங்கு சுத்து மட்டும் தளர்த்துங்க. ஒரு ராத்திரி விடுங்க. காலைல சுருதி சேர்த்து அளங்க. தேவைப்பட்டா இன்னொரு எட்டுல ஒரு பங்கு. மரத்தை அவசரப்படுத்த முடியாது.

கீழ்_ஸ்தாயி

மூண்டு இரவு எடுத்தது. மூண்டு தரம் எட்டில ஒரு பங்கு. இப்ப 0.3 தகடு உரசிப் போகுது. ஏ கம்பி சத்தமில்லாமல் தெளிவாக் கேக்குது. ஈ மட்டும் இன்னும் கொஞ்சம் அதிருது. முதல் ஃபிரெட்டில விரல் வைச்சால் அதிர்வு இல்லை.

பழைய_தந்தி

இப்போ கார்பன் சார் சொன்ன இடத்துக்கு வந்துட்டோம். ஈ கம்பியை இரண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அழுத்திட்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேல கம்பியைத் தட்டிப் பாருங்க. ஒரு தாள் கனமாவது சந்து இருக்கணும். இல்லன்னா ஜீரோ ஃபிரெட்டுல கம்பி குழி பறிச்சிருக்கு. நாப்பது வருஷமா விரல் வைக்காத ஒவ்வொரு அடியும் அந்த ஒரே இடத்துலதான விழுது.

கீழ்_ஸ்தாயி

தாள் போகேல்லை. லென்ஸ் வைச்சுப் பார்த்தனான், ஈ கம்பிக்குக் கீழ சுற்றுக் கம்பியின்ர வரி வரியான அச்சோட ஒரு வாய்க்கால் கிடக்கு. இதை நானே மாத்தலாமோ?

பழைய_தந்தி

இது மட்டும் வேண்டாம், தம்பி. இவ்வளவு நேரம் நீங்க பண்ணினது எல்லாம் தப்பானா திருப்பிடலாம். ஃபிரெட் பிடுங்கும்போது பலகை செதில் விட்டா திருப்ப முடியாது. சால்டரிங் அயனை ஃபிரெட் தலையில வெச்சு சூடேத்தி, முனையிலேர்ந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நடத்திக்கிட்டே தூக்கணும். கைப்பழக்கம் வேணும். ஃபிரெட் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. மத்த ஃபிரெட்டை விடக் கொஞ்சம் உயரமான ஃபிரெட்டா வெச்சு, மேல தேய்ச்சு இறக்கச் சொல்லுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டா குழி விழ ரொம்ப நாள் ஆகும். பிரிட்ஜைப் பத்திப் பேச்சு எடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

கார்பன்_கழுத்து

ஜீரோ ஃபிரெட் முடிந்து வந்ததும் சுருதி சரிசெய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள், இங்கேதான் பலர் திணறுவார்கள். இந்த பிரிட்ஜில் சேடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டு) ஒவ்வொன்றுக்கும் முன்பின் நகர்த்தத் தனித் திருகு கிடையாது. நாலு சேடிலும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் இருக்கும் ஒரே திருகு நாலையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கும். அதைத் தளர்த்தினால் நாலும் ஒன்றாக விடுபடும். அதனால் தளர்த்தும் முன் நாலின் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தை முதலில் முடித்துவிடுங்கள், உயரம் மாறினால் சுருதியும் மாறும்.

கீழ்_ஸ்தாயி

மன்னிக்கவும், இரண்டு கிழமையாப் பதில் போடேல்லை. ஜீரோ ஃபிரெட் ஸ்டெயின்லெஸ்ஸில மாத்தியாச்சு. மிசிசாகாவில ஒரு வயசான போர்த்துக்கேயர் செய்து தந்தவர். பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்திட்டு, ஆர் துப்பரவாக்கினது எண்டு கேட்டார். நான்தான் எண்டன்.

உயரம் 12ஆம் ஃபிரெட்டில ஈ 2.4 மி.மீ., ஜி 2.0 மி.மீ. வைச்சிருக்கிறன். சுருதிக்கு, ஜீரோ ஃபிரெட்டில இருந்து ஜி சேடில் வரை 865 மி.மீ., ஈ சேடில் வரை 869 மி.மீ. எண்டு முதல் அளவால வைச்சு, பிறகு 12ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பிற ஒலி) அழுத்தின ஒலியையும் ஒப்பிட்டனான். அழுத்தினது ஏறி நிண்டால் கம்பியைத் தளர்த்தி, சேடிலைப் பின்னுக்கு நகத்தால தள்ளி, திரும்ப ஏத்திப் பார்க்கிறது. ஈக்கு மட்டும் ஏழு தரம். கார்பன் அண்ணை, பென்சில் குறி இல்லாட்டி நான் இன்னும் முடிச்சிருக்க மாட்டன்.

நேற்று இரவு முதல் தரமா அம்ப்பில போட்டனான். ஈ கம்பியை விரல் வைக்காமல் அடிச்சிட்டு அப்படியே விட்டனான். அதிர்வு ஒண்டும் இல்லை. மேசையில இருந்த தேத்தண்ணிக் கோப்பை மட்டும் மெல்லமா நடுங்கிச்சு.

ஒன்பது_வோல்ட்

கேபிளைக் கழற்றினீர்களா?

கீழ்_ஸ்தாயி

கழட்டினனான் அண்ணை.

பழைய_தந்தி

அளவெல்லாம் எழுதி கேஸ்குள்ளயே வைங்க தம்பி: ராட் எத்தனை சுத்து, உயரம் எவ்வளவு, தேதி என்ன. ஃபர்னஸ் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டீங்கன்னா கோடையில காத்துல ஈரம் ஏறும்போது மரம் திரும்ப உப்பும், 0.3 தாண்டிப் போகும். ஜூன்ல ஒரு தடவை ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்துட்டு இங்க எழுதுங்க. கோவைத் தம்பி, உங்களது வந்ததும் கம்பி மாட்டறதுக்கு முன்னாடி நாலு குமிழையும் கழட்டி வாஷரைப் பாத்துடுங்க.